காங்கிரீட் எஞ்சினீயரின் கிண்ணம்

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு கிரெனிட் கிண்ணத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பளபளப்பில்லாத கறுப்பு நிறம். கைப்பிடி இல்லை, பூவேலை இல்லை, பெயர் பொறித்த முத்திரைகூட கண்ணில் படாது. எழுந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் நிறம் முகத்தில் அடிக்கும். மஞ்சளோ, சிவப்போ, கடல்பச்சையோ, வெள்ளையோ, எதுவானாலும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டு இருக்கும்.

வெளிக் கறுப்பும் உள் நிறமும் சந்திக்கும் இடம் கிண்ணத்தின் வாய். அந்த விளிம்புதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். தகட்டின் கனம் சுமார் 1 மில்லிமீட்டர். பாத்திரங்களில் வழக்கமாக இருக்கும் சுருட்டலோ மடிப்போ அதில் இல்லை. பேனாவால் இழுத்த கோடு போல நிறம் முடிந்து கறுப்பு தொடங்கிவிடுகிறது. பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எனாமல் பூசிய எஃகில் இந்த விளிம்பைக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்துகொண்டால், கிண்ணத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

செய்தவர் பெயர் ஹெர்பர்ட் கிரென்கெல். 1922-ல் பிறந்து 2014-ல் மறைந்த டேனிஷ்காரர். தட்டாரும் இல்லை, சிற்பியும் இல்லை, கலைப் பள்ளியிலிருந்து வந்த வடிவமைப்பாளரும் இல்லை. கட்டுமானப் பொருள்களை ஆராய்ந்த சிவில் எஞ்சினீயர். கிண்ணம் வெளிவந்த ஆண்டு 1953. அதைத் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் தோர்பென் ஓர்ஸ்கோவ். 'கிரெனிட்' என்ற பெயருக்கு இப்போது அதைத் தயாரிக்கும் நிறுவனம் ஒரு விளக்கம் தருகிறது: கிரென்கெல் என்ற பெயரின் முன்பாதியும், எடர்னிட் என்ற பெயரின் பின்பாதியும் சேர்ந்ததாம். எடர்னிட் என்பது சிமென்ட்டில் இழை கலந்து செய்யும் தகடு. நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று கூரைக்குப் போடுவோமே, அந்த வகை. அழகுக்காக வாங்கி வைக்கும் ஒரு பொருளுக்குக் கூரைத் தகட்டின் பெயரில் பாதியைச் சூட்டியிருக்கிறார்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த மனிதரின் வாழ்நாள் வேலையைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

முதலில், இந்தக் கிண்ணம் எந்த மேசைக்கு வந்தது என்று பார்த்துவிடலாம். அன்றைய டென்மார்க்கில் நேர்த்தியான உலோகக் கிண்ணம் என்றால் அது வெள்ளிதான். கியோர்க் யென்சன் 1904-ல் கோபன்ஹேகனில் தொடங்கிய பட்டறை அதற்குள் உலகப் பெயர் பெற்றுவிட்டது. போருக்குப் பின் அங்கே சேர்ந்தவர் ஹென்னிங் கொப்பெல். சிற்பக் கலை படித்தவர். யூதர் என்பதால் நாஜி ஆக்கிரமிப்பின்போது ஸ்வீடனுக்குத் தப்பி ஓடி, 1945-ல் திரும்பி வந்தவர். அவருடைய வெள்ளிக் கூஜாக்களும் கிண்ணங்களும் நேர்கோடே இல்லாமல், ஏதோ உயிருள்ள பிராணி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். 1952-ல் அவர் வடிவமைத்த ஒரு கூஜாவுக்கு டேனிஷ்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'கர்ப்பிணி வாத்து'. அவர் களிமண்ணில் பிடித்த உருவத்தை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் சுத்தியலால் தட்டித் தட்டி மேலே கொண்டுவர வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு எத்தனை நாள் கூலி என்று யோசித்தாலே விலை புரிந்துவிடும்.

வெள்ளிக்கு அடுத்து மரம். கட்டடக் கலைஞர் ஃபின் யூல் 1951-ல் வடிவமைத்த தேக்குக் கிண்ணங்கள், வெள்ளிக் கலைஞர் காய் பொயெசனுக்காகக் கடைசல் பிடிக்கப்பட்டன. டேனிஷ் வடிவமைப்பு என்றதும் இன்றும் பலர் மனதில் எழுவது இந்தத் தேக்கு நிறம்தான். அதுவும் கைவேலை, விலையும் கைவேலைக்குரிய விலை.

மூன்றாவதாக ஒரு பாத்திர வகை இருந்தது. அதை யாரும் கண்காட்சியில் வைக்கவில்லை. எனாமல் பாத்திரம். 'மேடம் ப்ளோ' என்ற நீல எனாமல் காப்பிக் கெண்டியை குளூட் அண்ட் மார்ஸ்ட்ரான்ட் என்ற தொழிற்சாலை 1890-களிலிருந்து 1966 வரை தயாரித்தது. 'நீலச் சீமாட்டி' என்று சொல்லலாம். டேனிஷ் பாட்டிமார்களின் அடுப்பங்கரையில் இல்லாத வீடே இல்லை என்னும் அளவுக்குப் பரவிய பொருள். தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்தது, மலிவானது, கீழே விழுந்தால் சில்லுப் பெயரும், பெயர்ந்தாலும் தூக்கிப் போட மனம் வராது.

கிரென்கெல் எடுத்துக்கொண்டது இந்த மூன்றாவது வகையின் தொழில்நுட்பத்தை. வடிவத்தில் மட்டும் முதல் இரண்டு வகைகளோடு போட்டிக்கு நின்றார்.

எனாமல் என்றால் பெயின்ட் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். கடையில் டின்னில் 'எனாமல் பெயின்ட்' விற்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பாத்திரத்தில் இருக்கும் எனாமலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது கண்ணாடி. அசல் கண்ணாடியை உருக்கி இரும்பின் மேல் ஒட்டவைத்தது. பழைய வீட்டுப் பரணில் இருக்கும் நீலக்கரை வைத்த வெள்ளைத் தட்டு, ஆஸ்பத்திரியில் ஊசியும் பஞ்சும் வைத்துத் தூக்கிவரும் ட்ரே, எல்லாம் இந்தச் சாதிதான். அவற்றில் ஒரு மூலையில் சில்லுப் பெயர்ந்து கறுப்பாகத் தெரியுமே, அந்த இடத்தில்தான் எனாமலின் முழு ரகசியமும் இருக்கிறது.

மணல், போராக்ஸ், சோடா, ஃபெல்ஸ்பார் ஆகியவற்றைக் கலந்து உருக்குவார்கள். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் கொட்டினால் பொடிப்பொடியாக நொறுங்கும். அந்த நொறுங்கலைக் களிமண்ணும் தண்ணீரும் சேர்த்து அரைத்தால் தோசைமாவுப் பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். இரும்புப் பாத்திரத்தை அதில் முக்கியெடுத்தோ, மேலே தெளித்தோ, காயவைத்து உலைக்குள் தள்ளுவார்கள். 800-லிருந்து 850 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம், சில நிமிடங்கள். பொடி உருகி, ஓடி, ஒன்றுசேர்ந்து கண்ணாடித் தோலாகிவிடும்.

ஆனால் கண்ணாடி இரும்போடு சும்மா ஒட்டாது. அதற்கு அடிப்பூச்சு என்று ஒன்று வேண்டும். அதில் கோபால்ட், நிக்கல் ஆக்ஸைடுகளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். உலைச் சூட்டில் இவை இரும்பின் மேற்பரப்பை அரித்து, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை உண்டாக்கும். கண்ணாடி அந்தப் பள்ளங்களில் வேர் பிடித்துக்கொள்ளும். கோபால்ட் சேர்ந்ததால் அடிப்பூச்சு கருநீலமாகவோ கறுப்பாகவோதான் இருக்கும். வெள்ளைத் தட்டில் சில்லுப் பெயர்ந்த இடம் கறுப்பாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நிறம் வேண்டுமென்றால் அடிப்பூச்சின் மேல் இன்னொரு பூச்சு பூசி மறுபடி சுட வேண்டும்.

இப்போது கிண்ணத்தின் வெளிக் கறுப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். உள்ளே நிறம், வெளியே கறுப்பு என்பது கலைஞனின் மனதில் உதித்த எதிர்மறை அழகு என்றுதான் வடிவமைப்புப் புத்தகங்கள் பேசும். இருக்கலாம். எனக்கோ அது எனாமல் பட்டறையில் புழங்கிய ஒருவரின் தேர்வாகவே படுகிறது. அந்தத் தொழிலில் கறுப்பு மிக இயல்பான நிறம். மலிவான பாத்திரங்களின் அடியிலும் ஓரத்திலும் அதை அப்படியே விட்டுவிடுவது பழைய வழக்கம். அடுப்பங்கரையில் யாரும் கவனிக்காத அந்தக் கறுப்பை அவர் கிண்ணத்தின் வெளிப்புறம் முழுக்க இழுத்துவிட்டார்.

வெளியே எதுவும் பூசாமல் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. துருப்பிடிக்கும் என்பது முதல் காரணம், அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது காரணம் சுவாரசியமானது. சூடாகி ஆறும்போது இரும்பும் சுருங்கும், கண்ணாடியும் சுருங்கும். ஆனால் இரும்பு கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும்படி எனாமலின் கலவையை அமைப்பார்கள். அப்போது இரும்பு கண்ணாடியை எல்லாப் பக்கமும் பிடித்து நெருக்கும். கண்ணாடியின் சுபாவம் அப்படி: நெருக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுத்தால் பட்டென்று விரிந்துவிடும். நெருக்கத்திலேயே வைத்திருந்தால், பாத்திரம் லேசாக வளைந்தாலோ தட்டுப்பட்டாலோ முதலில் அந்த நெருக்கம்தான் தளரும். விரிசல் விழும் நிலை அத்தனை சீக்கிரம் வராது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பூசினால், மெல்லிய தகடு ஒரு பக்கமாக இழுக்கப்பட்டுக் கோணிக்கொள்ளும். எனவே இரு பக்கமும் பூச்சு வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும். தகடு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவுக்கு இந்தக் கணக்கு கறாராகும்.

மெலிய மெலிய வேறு தொல்லைகளும் வரும். 800 டிகிரியில் மெல்லிய இரும்பு தன் பாரத்திலேயே தொய்யப் பார்க்கும். தகட்டில் கார்பன் கூடுதலாக இருந்தால், சூட்டில் அது வாயுவாகி எனாமலில் கொப்புளம் கிளப்பும். அதனால் கார்பன் மிகக் குறைந்த எஃகுதான் எடுக்க வேண்டும். இதையெல்லாம்விட மோசமானது ஹைட்ரஜன். உலையில் ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜனை சூடான எஃகு உறிஞ்சிக்கொள்ளும். ஆறிய பிறகு அது வெளியேற வழி தேடும், மேலே கண்ணாடி மூடியிருக்கும். அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் எனாமலைப் பிறை வடிவத்தில் தெறிக்கவிடும். தொழிலில் இதற்கு 'மீன் செதில்' என்று பெயர். உலையிலிருந்து எடுத்த அன்று பாத்திரம் நன்றாக இருக்கும், பெட்டியில் அடுக்கி வைத்த பிறகு ஒரு நாள் தானாகத் தெறிக்கும். எனாமல் தொழிற்சாலைக்காரர்களின் கெட்ட கனவு அதுதான்.

சரி, விளிம்புக்கு வருவோம். கண்ணாடி நெருக்கத்தில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? தட்டையான இடத்தில் அந்த நெருக்கம் நல்லது. கூரான விளிம்பில் அதே நெருக்கம் எதிரியாகிவிடும். வெளிநோக்கி வளைந்த முனையைச் சுற்றிப் பூச்சு போகும்போது, பக்கவாட்டில் நெருக்கப்படும் கண்ணாடி மேல்நோக்கிப் பிதுங்கி விடுபடப் பார்க்கும். முனை எவ்வளவு கூரோ அவ்வளவு எளிதில் பெயரும். அதனால்தான் உலகம் முழுக்க எனாமல் பாத்திரங்களின் வாயை வெளியே மடித்து உருட்டிவிடுகிறார்கள். உருண்ட விளிம்பில் வளைவு பெரிதாக இருக்கும், எனாமல் உட்கார இடம் கிடைக்கும். தகட்டுக்கும் கூடுதல் பலம். அங்கேதான் நீலக்கரை, கறுப்புக்கரை எல்லாம் போடுவார்கள். பார்க்க அழகு என்பதைவிட, அடிக்கடி அடிபடும் இடத்துக்கு ஒரு காப்பு.

கிரெனிட்டில் அந்த உருட்டல் இல்லை. தகடு எங்கே முடிகிறதோ அங்கே கிண்ணமும் முடிகிறது. இப்படி விட வேண்டுமென்றால் வெட்டிய ஓரத்தில் இம்மியும் பிசிறு கூடாது. முனை கண்ணுக்குத் தெரியாத அளவு மழுங்கியிருக்க வேண்டும். கூழ் அங்கே வழிந்து தடித்துத் திரளவும் கூடாது, மெலிந்து இரும்பைக் காட்டவும் கூடாது. உள்நிறமும் வெளிக்கறுப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் கோட்டில் நிற்க வேண்டும். உருட்டிய விளிம்பு என்பது தவறுகளை உள்ளே தள்ளி மூடிவைக்கும் இடம். அதை எடுத்துவிட்டால் தவறை ஒளிக்க இடமே கிடையாது.

வடிவத்திலும் இந்தப் பொருளறிவு தெரிகிறது. சிறிய அடியிலிருந்து மெதுவாக வளைந்து எழுந்து, மேலே போகப் போக விரிந்து நிற்கும் சுவர். எங்கும் கூர்மூலை இல்லை. வட்டத் தகட்டை அச்சில் அழுத்தி ஆழமாக இழுக்கும்போது மூலைகள் கிழியும் அல்லது மெலியும். எனாமலுக்கும் மூலைகள் ஆகாது. அச்சும் உலையும் என்ன கேட்டனவோ அதைக் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு வளைவுகூட அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் அளவிலிருந்து பழக்கூடை அளவு வரை இந்த ஒரே உருவம்தான்.

இனி அந்த எடர்னிட் விஷயம். கிரென்கெல்லின் பெயர் வடிவமைப்பு உலகத்தைவிட வேறொரு உலகத்தில் அதிகம் உச்சரிக்கப்படுகிறது. இழை கலந்த காங்கிரீட், இழை கலந்த பிளாஸ்டிக் பற்றிப் படிக்கும் எஞ்சினீயரிங் மாணவர்கள் 'கிரென்கெல் காரணி' என்று ஒன்றைப் படித்தாக வேண்டும். 1964-ல் கோபன்ஹேகனில் வெளியான அவருடைய ஆய்வேட்டிலிருந்து வந்தது அது. ஒரு பொருளுக்குள் இழைகளைப் பதித்து வலுவூட்டும்போது, எல்லா இழையும் பாரம் இழுக்கும் திசையிலேயே படுத்திருந்தால் முழுப் பலன், அதாவது 1. ஒரு தளத்தில் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால் பலன் 3/8. முப்பரிமாணத்தில் எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் 1/5 மட்டுமே. இந்த எளிய கணக்கை விமானப் பாகம், படகு, சிமென்ட் பலகை என்று இழை போகும் இடமெல்லாம் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுக்கும் என்று தெளிவான பிறகு, சிமென்ட்டில் அதற்குப் பதில் என்ன இழை போடலாம் என்ற தேடலிலும் அவர் இருந்தார். காங்கிரீட்டில் கலப்பதற்கென்று டென்மார்க்கில் உருவான ஒரு பாலிப்ரொப்பிலீன் இழைக்கும் 'கிரெனிட்' என்றே பெயர். ஆக, ஒரே பெயரில் வரவேற்பறையில் ஒரு கிண்ணமும் கட்டுமான இடத்தில் ஒரு மூட்டை இழையும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

காங்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் உள்ளே இழையோ கம்பியோ வைக்கிறோம். கண்ணாடியும் அப்படியே, அதனால் உள்ளே எஃகை வைக்கிறோம். எஃகு துருப்பிடிக்கும், கண்ணாடி துருப்பிடிக்காது. ஒன்றின் குறையை மற்றொன்று சுமக்கிறது. இந்தச் சூத்திரத்தை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்த மனிதர், அந்த ஆய்வேட்டை எழுதுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே அதைக் கிண்ணமாகச் செய்து வைத்திருக்கிறார். இப்படித் திட்டமிட்டுத்தான் செய்தார் என்று சொல்ல வரவில்லை. இரண்டிலும் வேலை செய்தது ஒரே மூளை, ஒரே பழக்கம். பொருளைப் பார்த்ததும் 'இது எதைத் தாங்காது?' என்று கேட்கும் பழக்கம்.

1954-ல் இத்தாலியின் மிலான் ட்ரியனாலே என்ற சர்வதேச வடிவமைப்புக் கண்காட்சியில் கிண்ணத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அன்றைக்கு வீட்டுப் பொருள்களுக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது. கொப்பெல் வெள்ளிக்குப் பதக்கம் வாங்கிய அதே மேடை. 1951-ல் காய் பொயெசனின் கரண்டி, முள்கரண்டித் தொகுப்பு அங்கே கிராண்ட் ப்ரீ என்ற உயரிய பரிசை வாங்கியதால்தான் அதற்கு 'கிராண்ட் ப்ரீ' என்றே பெயர் நிலைத்தது. ஐரோப்பா போரின் இடிபாடுகளிலிருந்து எழுந்துகொண்டிருந்த சமயம். டென்மார்க் 1940-லிருந்து 1945 வரை ஜெர்மனியின் பிடியில் இருந்துவிட்டு வந்திருந்தது. புதிய குடியிருப்புகள் எழுந்தன, சமையலறைகள் சிறியவை, வேலைக்காரர்கள் கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் பரிமாறும் பழைய சம்பிரதாயம் தேய்ந்துகொண்டிருந்தது. சமையலறையிலும் இருக்கலாம், விருந்தினர் முன்னாலும் வைக்கலாம் என்பது மாதிரியான பொருளுக்கு இடம் உருவாகியிருந்தது.

ஓர்ஸ்கோவ் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்தவர். பின்னாளில் கிறிஸ்டியன் வேடெலின் குழந்தை நாற்காலியையும் அவர்தான் தயாரித்தார். ஒட்டுப்பலகையை அரை உருளையாக வளைத்து, பலகையைச் செருகும் இடத்தை மாற்றினால் நாற்காலி, தொட்டில், மேசை என்று குழந்தை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் வடிவம். தச்சரின் நுணுக்கத்தைக் காட்டும் பொருள்களை விட்டுவிட்டு, ஒரு உற்பத்தி முறையைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தும் பொருள்களைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. டேனிஷ் வடிவமைப்பின் புகழ் முழுக்க நாற்காலிகளையும் தச்சுப் பட்டறைகளையும் சுற்றியே எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கதைக்குள் எஞ்சினீயரும் எனாமல் உலையும் எளிதாக நுழையவில்லை. கிரெனிட்டை அறிந்தவர்களில்கூட அதைச் செய்தவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

எனாமலின் நேரம் மட்டும் நன்றாக இல்லை. கிரெனிட் மிலானில் பதக்கம் வாங்கிய அதே 1954-ல் ரோஸ்டி நிறுவனம் 'மார்கரேட்டா' கிண்ணத்தை வெளியிட்டது. அன்றைய இளவரசியின், பின்னாளில் டென்மார்க்கின் அரசியான மார்கரேட்டாவின் பெயர். பெர்னடோட், பியோர்ன் என்ற வடிவமைப்பாளர்கள் இருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்த யாகோப் யென்சன் வடிவமைத்தது. பொருள் மெலமைன் என்ற கெட்டியான பிளாஸ்டிக். ஒரு பக்கம் பிடி, எதிர்ப்பக்கம் ஊற்றும் மூக்கு. விழுந்தால் உடையாது, சில்லுப் பெயராது, துருப்பிடிக்காது, விலையும் குறைவு. மாவு கலக்க அதைவிட வசதியான பாத்திரம் கிடையாது. டேனிஷ் சமையலறைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்னொரு பக்கம் எவர்சில்வர் ஏறி வந்தது. 1967-ல் ஸ்டெல்டன் நிறுவனத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகோப்சன் செய்த சிலிண்டா வரிசையில் பூச்சு என்பதே இல்லை, வெறும் எவர்சில்வர் உருளைகள். பூச்சு இல்லையென்றால் பெயர்வதற்கும் ஒன்றுமில்லை.

கிரெனிட்டின் முதல் சுற்றுத் தயாரிப்பு 1960-களின் நடுவில் நின்றுபோனது. மேடம் ப்ளோவும் ஏறக்குறைய அப்போதே அடுப்பை விட்டு இறங்கினாள். ஐரோப்பா முழுக்க எனாமல் பாத்திரத் தொழில் சுருங்கிய காலம் அது.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். சமையலறையில் தோற்ற பொருள் அலமாரியில் ஜெயித்தது. பாட்டி வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த கிண்ணங்கள் பழம்பொருள் சந்தைக்கு வந்தன. சாலட் கலக்க வாங்கியதை யாரும் இப்போது சாலட்டுக்காக வாங்கவில்லை. வெற்றுக் கிண்ணமாகவே ஜன்னலோரம் வைத்தார்கள். அலங்காரமே இல்லாமல் செய்த பொருள் இப்படி அலங்காரப் பொருளாகிவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் கிண்ணத்தின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உணவு போட்டுவிட்டால் அந்த நிறம் மறைந்துவிடும். காலியாக இருக்கும்போதுதான் கிரெனிட் முழுமையாக இருக்கிறது. சுவரோரம் வெளிச்சம் ஏறி இறங்குவதை, அடியில் நிறம் தேங்கி நிற்பதை, காலிக் கிண்ணத்தில் மட்டுமே பார்க்க முடியும்.

2008-ல் நார்மன் கோபன்ஹேகன் நிறுவனம் அதை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. எஃகும் எனாமலும்தான், வெளியே கறுப்பு, உள்ளே நிறம். பெரியது 38 சென்டிமீட்டர் விட்டம். அதோடு சாலட்டுக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தையும் விற்றார்கள். உருவம் அதே கிரெனிட். பொருள்? மெலமைன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தன்னைச் சமையலறையிலிருந்து தள்ளிய பொருளின் உடம்பில் கிரெனிட் மறுபடி சமையலறைக்குள் வந்தது. எஃகுக் கிண்ணம் கூடத்தில், பிளாஸ்டிக் கிண்ணம் சாப்பாட்டு மேசையில் என்று வேலை பிரிந்துவிட்டது. வியாபாரமாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் மெலமைன் கிண்ணத்துக்கு அந்த மெல்லிய விளிம்பால் ஒரு கஷ்டமும் இல்லை, அது அச்சில் தானாக வந்துவிடும். எஃகில் வென்றெடுத்த வடிவம் பிளாஸ்டிக்கில் வெறும் சாயலாக நிற்கிறது.

பழைய கிரெனிட் கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் விளிம்புதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் சிறு பல் போன பெயர்ப்புகள் தெரியும். அந்த இடத்தில் துரு ஏற ஆரம்பித்திருந்தால் பக்கத்து எனாமலும் நாளடைவில் தளரும். ஈரம் படாமல் வைத்தால் அப்படியே நிறுத்தலாம். மறுபடி எனாமல் பூசிச் சரிசெய்ய வேண்டுமென்றால் முழுக் கிண்ணத்தையும் உலையில் போட்டாக வேண்டும், அது வீட்டில் நடக்கிற காரியமில்லை. பெயின்ட் தொட்டு வைத்து விற்பவர்களும் உண்டு. அந்த இடம் மட்டும் வெளிச்சத்தில் வேறு மாதிரி மினுங்கும், விரல் நகத்தால் தொட்டால் வித்தியாசம் புரியும்.

அதில் சாப்பிடலாமா என்றால், பழையதில் வேண்டாம் என்பேன். அந்தக் காலத்து எனாமலில் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குப் பெரும்பாலும் காட்மியம் சேர்மங்களைத்தான் நம்பியிருந்தார்கள். பளபளப்பு மங்கி, கீறல் விழுந்த பரப்பில் எலுமிச்சையும் வினிகரும் ஊற்றி ஊறவைப்பது நல்ல யோசனை இல்லை. பழம் வைக்கலாம், சாவி போடலாம். சாவியைப் போடும்போது மேலிருந்து எறியாமல் வையுங்கள், கண்ணாடி என்பது நினைவிருக்கட்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கிண்ணங்கள் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று அழகாக அடங்கும். அடங்குகிறதே என்று அப்படியே அடுக்கிவைத்தவர்களின் கிண்ணங்களில் ஒரு அடையாளம் இருக்கும்: பெரிய கிண்ணத்தின் உள்நிறத்தில், அடிக்குச் சற்று மேலே, மங்கலாக ஒரு வளையம். சிறிய கிண்ணத்தின் பளபளப்பில்லாத கறுப்பு வருடக்கணக்கில் உரசியது அது. நடுவில் ஒரு துண்டுத் துணி போட்டிருந்தால் வந்திருக்காது.